முதலில் உடைவது

ஏப்ரல் 28, திங்கள்

அக்காவுக்கு இரண்டாவது மருந்து இன்று தொடங்கியது. முதல் மருந்து சிவப்பு. இது தண்ணீர் நிறம். "பார்க்கப் பயமில்லாமல் கிடக்கு" என்றாள். நிறத்தைப் பார்த்து மருந்தை மதிக்கிற ஆள் எங்கள் விமலேஸ்வரி.

ஆஸ்பத்திரி யாழ்ப்பாணப் பக்கம். முரசுமோட்டையில் விடியற்காலை பஸ் ஏறினால் ஒன்பதுக்குள் போய்ச் சேரலாம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், வயலை விட்டு வர ஏலாது என்று அத்தான் நின்றுவிட்டார். என் திங்கட்கிழமைப் பாடங்களை அதிபரிடம் கெஞ்சி வேறு நாட்களுக்கு மாற்றிவிட்டேன். இருபது வருடம் உயிரியல் படிப்பித்ததற்கு இந்த ஒரு சலுகை.

கிழமைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஊசி. பிறகு ஸ்கான். மார்பிலிருக்கிற கட்டி கரைந்தால் வெட்டி எடுக்கலாம். கரையாவிட்டால் என்ன என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பக்கத்துக் கதிரையில் இரஞ்சிதம் என்று ஒருவர், விசுவமடுக்காரர். அவருக்கும் இன்றுதான் இதே மருந்து தொடங்குகிறது. அதே இடது பக்கம், கிட்டத்தட்ட அதே அளவு, வயதும் அக்காவின் வயதுதான். இரண்டு பேரும் கட்டியின் அளவைப் பிள்ளைகளின் புள்ளிகளைப் போல ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அக்காவினது கொஞ்சம் பெரிது. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்ததாக எனக்குப் பட்டது.

மே 5, திங்கள்

அக்கா பஸ்ஸில் சத்தி எடுக்கவில்லை. நல்ல நாள்.

மே 8, வியாழன்

பாடசாலையில் இன்று இழையுருப்பிரிவு, உடம்பின் ஒரு கலம் (செல்) இரண்டாகப் பிரிகிற பாடம். நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) கலத்தின் நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும் படத்தைக் கரும்பலகையில் கீறிவிட்டு, அடுத்த படத்துக்குப் போகாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிள்ளைகள் நான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவின் மருந்து செய்கிற வேலை அந்தப் படம்தான். அது கலத்தைக் கொல்வதில்லை. அந்த வரிசையிலேயே நிறுத்திப் பிடித்து வைக்கிறது. பிரியவும் விடாது, திரும்பவும் விடாது. சாவு என்பது அதற்குப் பிறகு நடக்கிற வேறு காரியம்.

வீட்டுக்கு வந்து போனில் தேடி வாசித்தேன். விளங்கிய அளவில் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு மறந்துபோகும்.

பிரிவின் நடுவில் நிற்கிற கலம் புதிதாக ஏறக்குறைய ஒன்றும் ஆக்குவதில்லை. நிறமூர்த்தங்கள் இறுகச் சுருண்டிருக்கின்றன, அவற்றில் உள்ள செய்தியை வாசிக்க முடியாது. கையிருப்பில் உள்ள புரதங்களோடுதான் காலம் தள்ளவேண்டும். ஆனால் புரதங்களை உடைக்கிற வேலை மட்டும் நிற்பதில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது. உள்ளே வரவு இல்லை, இருப்பது குறைந்துகொண்டே போகும். 2009-இல் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கையிருப்பில் இரண்டு புரதங்கள் முக்கியம். ஒன்றைக் காவல் என்று வைத்துக்கொள்கிறேன். அது போதிய அளவு இருக்கும்வரை கலம் சாகாது. மற்றதைப் பூட்டு என்று வைக்கிறேன். அது இருக்கும்வரை கலம் பிரிவின் நடுவிலிருந்து வெளியே வர முடியாது. இரண்டும் மெல்ல மெல்ல உடைபட்டுக் குறைகின்றன. காவல் முதலில் தீர்ந்தால் கலம் சாகும். பூட்டு முதலில் தீர்ந்தால் கலம் பிரியாமலே நழுவி வெளியே வந்துவிடும். உயிரோடு.

அவ்வளவுதான் விசயம். அக்காவின் நெஞ்சுக்குள் கோடிக்கணக்கான இடங்களில் இந்த ஓட்டப்பந்தயம் நடக்கிறது, அக்கா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருக்கிறாள்.

மே 19, திங்கள்

இரஞ்சிதம் விசுவமடுவில் ஏறி எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்கிறார். தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டியவர்களாம். புருஷன் இல்லை. ஒரே மகள் தேனுகா கொழும்பில் தையல் தொழிற்சாலையில். ஒவ்வொரு திங்களும் தனியாகத்தான் வருகிறார்.

அந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று பஸ்ஸில் அக்கா கேட்டாள். காவல், பூட்டு எல்லாம் சொன்னேன். ஆனையிறவு தாண்டுமுன் முடித்துவிட்டேன்.

"உன்ர கலமும் பூட்டும் உன்னோட. எனக்கு வற்றாப்பளை அம்மாள் இருக்கிறா" என்றுவிட்டு அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்தாள்.

இரஞ்சிதம்தான் கவனமாகக் கேட்டிருக்கிறார். "சாகுறப்ப அதுக்கு வலிக்குமா டீச்சர்?"

கலத்துக்கா என்று கேட்டேன்.

"ஆமா. என்ன இருந்தாலும் அதுவும் நம்ம உடம்புதானே."

இருபது வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கலத்துக்கு நரம்பில்லை, நோகாது என்று சொன்னேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

மே 27, செவ்வாய்

வற்றாப்பளை அம்மாள் கோயிலில் பொங்கலுக்கு முன் நடக்கிற பாக்குத் தெண்டல் முடிந்துவிட்டதாம். வீட்டில் இனி மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. முட்டையும் இல்லை. ஊசிக்காரிக்கு முட்டை கொடு என்று ஊசி போடுகிற மிஸ்ஸி தலைப்பாடாய்ச் சொல்லியிருக்கிறா. அக்கா பயற்றங்காயோடு நிற்கிறாள்.

அது போகட்டும். பொங்கல் வருகிற ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை. ஊசி நாள்.

"நான் பொங்கலுக்குப் போறன்" என்றாள், அரிசி களைந்தபடி.

"ஊசி?"

"அடுத்த கிழமை போடலாம்."

"அக்கா, இது பஸ் இல்லை, அடுத்ததில ஏற."

"கட்டி கண்ட அண்டைக்கே நேர்ந்தனான். என்ர கையால பொங்கிப் படைப்பன், பாற்செம்பு எடுப்பன் எண்டு. நேர்ந்திட்டுப் போகாமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். ஊசியை விட்டால் என்ன நடக்கும் என்று தெரியும் என்றேன். அத்தான் முற்றத்தில் மண்வெட்டி கழுவிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்தேன். "உங்கட அக்கா தங்கச்சிக் கதைக்குள்ள என்னை இழுக்காதேங்கோ பிள்ளை" என்று கிணற்றடிக்குப் போய்விட்டார். தங்கராசா அத்தான் வாழ்க்கை முழுதும் கிணற்றடிக்குப் போய்த்தான் தப்பியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபம் – விசர் பிடிச்ச மனிசி. படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் ஏறாது. செத்தால் அம்மாள் வந்து தூக்குவாவோ?

ஜூன் 2, திங்கள்

அக்கா தானே மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டாள். ஒரு கிழமை பிந்தினால் பெரிய பிழையில்லை, கட்டாயம் அடுத்த கிழமை வாங்கோ என்றாவாம். திரும்பி வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வீதியைப் பார்த்தேன்.

"நீங்களும் வாங்கோவன், வானில இடமிருக்கு" என்று இரஞ்சிதத்தையும் கூப்பிட்டாள். "இல்லைங்க அக்கா. டாக்டர் சொன்ன நாளுக்குப் போயிரணும்" என்றார் அவர். எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் வந்ததை மறைக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

அக்காவும் அத்தானும் அயலட்டைச் சனமும் விடியவே வானில் வற்றாப்பளைக்குப் போய்விட்டார்கள். அக்கா சிவப்புச் சேலை. தலைமயிர் இல்லாத தலையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றேன்.

பாடசாலைக்குப் போயிருக்கலாம். ஆனால் கெஞ்சி வாங்கிய திங்களை விட மனமில்லை, வீட்டில் இருக்கவும் மனமில்லை. வழக்கமான பஸ்ஸில் ஏறி இரஞ்சிதத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். எதிர்ப்பக்கமாக வற்றாப்பளைக்குப் போகிற வாகனங்கள், காவடி கட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள். எங்கள் பஸ்ஸில் பாதி ஆசனம் காலி.

"எனக்குத் துணைக்கா வாறீங்க?" என்று கேட்டார். ஓம் என்றேன். அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி அக்காவுக்குக் காட்ட.

ஊசி ஏறும்போது அவர் கை குளிர்ந்திருந்தது. பக்கத்தில் அக்காவின் கதிரையில் வேறு யாரோ. இரஞ்சிதம் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எனக்கு சரியாகிருமா டீச்சர்? படிச்சவங்க, நீங்க சொல்லுங்க."

"ஒரு நாளும் தவறவிடாமல் வாறீங்கள். கட்டாயம் வேலை செய்யும்."

அப்படித்தான் சொன்னேன். கட்டாயம் என்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொல்லும்போது என் மனதில் நின்றது அவர் இல்லை, வற்றாப்பளையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அக்கா. அவளுக்குக் கேட்கவேண்டும் என்பதுபோலச் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா வந்துவிட்டாள். காலில் கொப்புளம், நெற்றி முழுதும் திருநீறு. பொங்கல் கிழக்கே பொங்கி வழிந்ததாம், அதை மூன்று தரம் சொன்னாள். இவ்வளவு சாப்பிட்டு நான் அவளைக் கனகாலம் பார்க்கவில்லை. கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மூன்று பேரும் பஸ்ஸில். அக்கா இரஞ்சிதத்துக்குக் கோயில் திருநீறு கொண்டுவந்து தானே பூசிவிட்டாள். ஊசிக் கணக்கில் அக்கா இப்போது இரஞ்சிதத்தைவிட ஒன்று பின்னால்.

ஜூன் 26, வியாழன்

மழை. வாசிக்க நேரம் கிடைத்தது.

ஒரே தாய்க்கலத்திலிருந்து பிரிந்த இரண்டு மகட்கலங்களை ஒரே தட்டில் வைத்து, ஒரே மருந்தை ஒரே அளவில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று செத்துவிட்டது. மற்றது நழுவித் தப்பிவிட்டது. எது எதைச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல அவர்களால் முடியவில்லை. தொடங்கும்போது ஒன்றில் காவல் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். மற்றதில் பூட்டு கொஞ்சம் வேகமாக உடைந்திருக்கலாம். இந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சரியான பதில் இல்லை.

அப்படியென்றால் நான் இரஞ்சிதத்துக்குச் சொன்னது என்ன?

ஜூலை 14, திங்கள்

இரஞ்சிதத்தின் கடைசி ஊசி. மிஸ்ஸிமாருக்குத் தொதல் கிண்டிக் கொண்டுவந்தார்.

ஜூலை 21, திங்கள்

அக்காவின் கடைசி ஊசி. இரஞ்சிதம் இல்லாமல் பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஸ்கான் முடிவுக்கு இரண்டு பேரையும் இன்று வரச் சொல்லியிருந்தார்கள்.

அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். டொக்டர் கையால் தேடித் தேடிப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். கட்டி அநேகமாக இல்லை. இருந்த இடம் மட்டும் தடிப்பாக இருக்கிறது, அடுத்த மாதம் வெட்டலாம் என்றார். "நல்லா வேலை செய்திருக்கு அம்மா." அக்கா கும்பிட்டாள், டொக்டரையா வேறு யாரையா தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது இரஞ்சிதம். துணைக்கு ஆள் இல்லை என்று என்னையும் உள்ளே வரச் சொன்னார். கட்டி அப்படியே இருக்கிறது. கைக்கு அடியில், கமக்கட்டில் புதிதாக இரண்டு. ஈரலிலும் ஏதோ தெரிகிறது, மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றார் டொக்டர். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நல்ல டொக்டர்.

வெளியே வாங்குப் பலகையில் அக்கா சிரித்த முகத்தோடு எழும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் இருந்துவிட்டாள்.

திரும்பும் பஸ் கொடிகாமம் தாண்டித்தான் இரஞ்சிதம் வாய் திறந்தார். "நான் ஒரு நாளும் தவறவிடலையே டீச்சர்."

நான் என்ன சொல்ல. கட்டாயம் எண்டு சொன்ன வாய்தானே. அக்கா முழு வழியும் தலையைக் குனிஞ்சபடி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அயலட்டை முழுக்க வந்து போகிறது. அம்மாளின் புதுமை என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அக்கா தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்தக் கதையில் அவள்தான் முன்னுக்கு நிற்பாள். இன்று ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

தனியாக விசுவமடு போனேன். இரஞ்சிதம் முற்றத்தில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் குந்தியிருந்து பரவினேன். அது வசதியாக இருந்தது, முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

"அண்டைக்கு நான் கட்டாயம் எண்டு சொன்னது பிழை. அப்பிடிச் சொல்ல ஒருத்தராலையும் ஏலாது" என்றேன்.

"தெம்புக்கு சொன்னீங்க. எனக்கு தெரியாதா." ஒரு பிடி கடலையைப் பரவிவிட்டு, "அப்ப என்னோடது பூட்டு ஒடஞ்சு வெளிய வந்துருச்சு, அதானே?"

"நான் நினைக்கிறது அப்பிடித்தான். எல்லாம் இல்லை, கொஞ்சம். அந்தக் கொஞ்சம் திரும்பப் பெருகிவிட்டுது."

"அதுல என் தப்பு ஒண்ணும் இல்லைல?"

"ஒண்டும் இல்லை."

"அத மட்டும் எம் மகளுக்கு போன்ல சொல்லுங்க டீச்சர். நான் சரியா சாப்பிடல, சொன்ன மாத்திரைய ஒழுங்கா போடல, அதான் இப்படின்னு நினைச்சு திட்டுறா. அழுகுறா, திட்டுறா. நான் சொன்னா நம்பமாட்டா."

போனை எடுத்துத் தந்தார். தொழிற்சாலையின் இரைச்சலுக்கு நடுவில் தேனுகாவுக்குச் சொன்னேன். உங்கள் அம்மா ஒரு ஊசியும் தவறவிடவில்லை, எல்லாம் சரியாகத்தான் செய்தார், அவர் செய்யக்கூடியது வேறு ஒன்றும் இருக்கவில்லை. கலம், காவல், பூட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, "அவங்கள ஏசிட்டேன் மிஸ்" என்றது.

போனை வாங்கி வைத்துவிட்டு இரஞ்சிதம் கடலையை மறுபக்கம் புரட்டினார். இவ்வளவு நேரமும் அழாதவர் அப்போதுதான் அழுதார்.

செப்டெம்பர் 15, திங்கள்

அக்காவின் வெட்டு முடிந்து பத்து நாள். வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் உயிருள்ள கலம் ஒன்றும் அகப்படவில்லையாம். இனிக் கதிர்ச் சிகிச்சை மட்டும்.

இன்று நான் திங்கட்கிழமைப் பாடத்துக்குத் திரும்பினேன்.

நவம்பர் 10, திங்கள்

பாடசாலை விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. அக்கா இல்லை. அத்தானிடம் கேட்டேன். "விடியவே போயிட்டாள். இரஞ்சிதத்தோட ஊசிக்கு." எத்தனை கிழமையாக என்று கேட்டேன். கதிர்ச் சிகிச்சைக்குப் போகிற சாட்டில் தொடங்கியதாம். அது முடிந்த பிறகும் போகிறாள். என்னிடம் சொல்லவில்லை.

டிசெம்பர் 1, திங்கள்

வெள்ளம். வீதி மூடப்பட்டிருக்கிறது. முதல் தடவையாக இரஞ்சிதம் ஒரு ஊசியைத் தவறவிட்டார்.

ஜனவரி 26, திங்கள்

இரஞ்சிதத்தின் மருந்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்களாம். தேனுகா வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். இரஞ்சிதத்துக்குக் கண் மஞ்சள், வயிறு வீங்கியிருக்கிறது என்றாள் அக்கா. பிறகு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள்.

பெப்ரவரி 22, ஞாயிறு

இரஞ்சிதம் போய்ச் சேர்ந்து எட்டாம் நாள், எட்டுச் செலவு இன்று. படைத்து முடித்துத் தேனுகாவோடு கொஞ்சம் இருந்துவிட்டு இருட்டமுன் திரும்பிவிட்டோம். அக்கா உடுப்பு மாற்றவில்லை. குசினிக் கதிரையில் அப்படியே இருந்தாள். நான் தேத்தண்ணி போட்டேன்.

"சுதா. நான் நேர்த்திக்குப் போய்ச் சுகப்பட்டனான் எண்டால், அம்மாள் என்னைப் பார்த்திட்டு அவாவைப் பாராமல் விட்டவா எண்டுதானே அர்த்தம்?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"அவா ஒரு குற்றமும் செய்யேல்லை. நான்தான் ஊசியை விட்டிட்டுப் போனனான். எந்தத் தெய்வம் அப்பிடிச் செய்யும்?" சாமியறைப் பக்கம் பார்த்தாள். "என்னால கோயிலுக்கு நேரே நிண்டு கும்பிட ஏலாமல் கிடக்கு."

தேத்தண்ணியை அவள் கையில் வைத்தேன். குடிக்கவில்லை.

"அந்தப் புரதக் கதையைத் திருப்பிச் சொல்லு" என்றாள். "அண்டைக்குப் பஸ்ஸில நான் கேக்கேல்லை."

முதலிலிருந்து சொன்னேன். கலம் நடுவில் நிற்பது, புதிதாக ஒன்றும் வராதது, இரண்டும் உடைந்துகொண்டு போவது, எது முதலில் தீருமோ அதன்படி நடப்பது. ஒரு தாய்க்கலத்தின் இரண்டு பிள்ளைகளும் வேறு வேறாகப் போவதையும் சொன்னேன். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"அப்ப ஒருத்தரும் தெரிவு செய்யேல்லை?"

"இல்லை அக்கா. ஒருத்தரும் இல்லை."

"அம்மாளும் இல்லை."

"அவாவும் இல்லை."

அக்கா தேத்தண்ணியை எடுத்து ஒரே இழுவையில் குடித்தாள், ஆறிப்போயிருந்தது. பிறகு எழும்பிச் சாமியறைக்குப் போய் விளக்கேற்றினாள்.